மார்பில் கை வைத்து ஒரு வார்த்தை

“அப்ப ‘முதலாளி’ங்கிற வார்த்தை அவர் வாயிலருந்து வரவே இல்ல?”

“வரலீங்க மேடம். நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன், டிரிப்ஸ் ஏத்த நரம்பு தேடிக்கினு. எம்பாஸ்னாரு. எம்பாஸ், எம்பாஸ்னு திருப்பித் திருப்பி அதேதான். அப்புறம் பேச்சே இல்ல.”

“போலீஸ் எழுதினதுல ‘என் முதலாளி’ன்னுல்ல இருக்கு?”

“அது அர்த்தம்தானேங்க. பாஸ்னா மொதலாளி. கூட இருந்தவங்க அப்டித்தான் சொன்னாங்க. போலீஸ்ல தமிழ்லயே எழுதிக்கினாங்க.”

நர்ஸ் கண்ணகி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். டூட்டி முடிந்து வந்தவளை ஆஸ்பத்திரி எதிரில் இருந்த டீக்கடையில் மடக்கியிருந்தோம். மடக்கியது நான். கேள்வி கேட்பது திலகவதி.

திலகவதி வடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். அப்பா நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்தவர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்ததால் எந்த பிளாக்கில் எந்த நாய் கடிக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும். நான் ரெஜின். அவருடைய பைக்கை ஓட்டுவது, அவருடைய போனுக்கு சார்ஜ் போடுவது, அவர் முறைத்தால் வாயை மூடுவது என் வேலைகள். மூன்றாவது வேலையில் மட்டும் நான் கொஞ்சம் மட்டம்.

விஷயம் இதுதான். பஜாரில் ரிட்டயர்மெண்ட் ஷீல்டு செய்து தரும் கடை ஒன்று உண்டு. ஓனர் சிங்காரவேல். அங்கே தகட்டு வேலை செய்தவர் சைமன்ராஜ். போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்ரூமில் சைமன்ராஜ் மண்டை உடைந்து கிடந்தார். பின்னாலிருந்து விழுந்த அடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். போவதற்கு முன் அவர் சொன்ன ஒரே வார்த்தைக்காக சிங்காரவேல் இப்போது கடலூர் ஜெயிலில்.

எங்களிடம் வந்தது சிங்காரவேலின் மனைவி வீரம்மாள். “வக்கீலே வேணாங்கிறாருங்க,” என்றார். “சைமனே என்னச் சொல்லிட்டுப் போயிட்டான்னா நான் எதுக்கு வெளிய வரணும்னு கேக்குறாரு. கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு. சோத்தத் தொட மாட்டேங்கிறாரு. அன்னிக்கி மதியம் வூட்ல தூங்கிக்கினு இருந்தவருங்க இவரு. இப்ப என்னடான்னா, தூக்கத்துல எழுந்து போயி அடிச்சிருப்பனோன்னு எங்கிட்டயே கேக்குறாரு.”

செய்யாத கொலையைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்ட ஒரு ஆள். அந்த வார்த்தையை உடைக்காவிட்டால் கேஸ் கோர்ட்டுக்குப் போவதற்குள் அவர் போய்விடுவார்.

“சொல்லும்போது அவர் கை என்ன பண்ணிச்சு?” என்றார் திலகவதி.

கண்ணகி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் தன் இடப்பக்க மார்பில் வைத்தாள். “இங்க வெச்சிக்கினு. ‘எம்’னு சொல்றப்ப நெஞ்சத் தொடுவோம்ல, அது மாதிரி.”

“தொட்டாரா, தடவினாரா?”

அவள் யோசித்தாள். விரல்கள் தானாக நகர்ந்தன. “தடவினாரு. ஓரமா ஒரு எடத்துல விரல நிறுத்தி நிறுத்தி.”

பைக்கைக் கிளப்பியதும் நான் ஆரம்பித்தேன். “பாஸ், ஒண்ணு சொல்லட்டுமா?”

“வேணாம்னா விடவா போற?”

“அது பாஸ் இல்ல, கேட் பாஸ். காண்ட்ராக்ட் லேபர் எல்லாம் சட்டைப் பாக்கெட்லதான் பாஸ் வெச்சிருப்பாங்க. நெஞ்சத் தடவினது பாக்கெட்டை. ‘எம் பாஸு’. எவனோ அவர் கேட் பாஸைத் திருடிட்டான்.”

“சைமன்ராஜ் ஷீல்டு கடையில வேலை பாத்தாரு. மைன்ஸுக்குள்ள காலே வெச்சதில்ல.”

“பஸ் பாஸ்?”

“சைக்கிள்ல வந்தாரு.”

நான் வாயை மூடினேன். ரோட்டின் இருபுறமும் வேப்பமரங்கள் ஆடாமல் நின்றன. மே மாத வெயிலில் நிலக்கரித் தூசி கண்ணுக்குள் கரகரத்தது.

“பாஸ், நாளைக்கு என்னை எவனாவது மண்டையில போட்டா நானும் எம்பாஸ்னுதான் சொல்லுவேன். நீங்க உள்ள போயிடுவீங்க. இப்பவே எழுதி வெச்சிருங்க.”

திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

“நீ என்னை பாஸ்னு கூப்பிடற,” என்றார் மெதுவாக. “சைமன்ராஜ் சிங்காரவேலை என்னன்னு கூப்பிட்டாரு? வண்டியைக் கடைக்கு விடு.”

கடையின் பின்ரூமைப் போலீஸ் பூட்டி சீல் வைத்திருந்தது. முன்பக்கம் திறந்திருந்தது. மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறவர்களுக்கு ஷீல்டு போயாக வேண்டும், கொலை நடந்தாலும் ரிட்டயர்மெண்ட் தள்ளிப்போகாது. சேர்ந்து இரண்டே மாதம் ஆன நித்யா என்ற பெண் கவுண்டரில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். எதிரில் ஒரு கஸ்டமர். நாங்கள் ஓரமாக நின்றோம்.

அலமாரியில் முடிந்த ஷீல்டுகள் அடுக்கியிருந்தன. முதலில் இருந்ததில் மண் வெட்டும் ராட்சத மெஷின் தகட்டிலிருந்து எழும்பி நின்றது. அதன் கீழே மேடான எழுத்தில் ‘சங்கரலிங்கம்’ என்று பெயர்.

“உங்களுக்குப் பேரு எப்டி வேணும் சார்?” என்று நித்யா கஸ்டமரைக் கேட்டாள். “பிரிண்டா, என்கிரேவா, எம்பாஸா?”

நான் திலகவதியைப் பார்த்தேன். அவர் ஷீல்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா,” என்றார் கஸ்டமர்.

“பிரிண்டுன்னா மேலாக்க ஒட்டுறது. என்கிரேவுன்னா பள்ளமா உள்ள போயிடும். எம்பாஸ்னா மேல எழும்பி நிக்கும் சார். கைய வெச்சா தட்டுப்படும்.”

“தட்டுப்படுறதே போடு. பின்னாடி கண்ணு தெரியலன்னா தடவியாவது பாத்துக்கலாம்.”

அவர் போனதும் திலகவதி கவுண்டருக்கு வந்தார். “கடைசியா சொன்ன வார்த்தையை இன்னொரு தடவை சொல்லும்மா.”

“எதுங்க? எம்பாஸா?”

“இந்தக் கடையில அதை எம்பாஸ்னுதான் சொல்லுவீங்களா?”

“ஆமாங்க. போர்டுலயே அப்டித்தான் இருக்கு. சைமன் அண்ணன் பண்றதே அதுதான். அரக்கு மேல தகட்டக் கவுத்துப் போட்டுட்டு, பின்பக்கமா உளிய வெச்சித் தட்டிக்கினே இருப்பாரு. திருப்பினா பூவு மேல நிக்கும்.”

“இதை நீ போலீஸ்ல சொல்லலியா?” என்றேன்.

“எங்கிட்ட யாரு கேட்டா? ‘மொதலாளி’ன்னு சொல்லிட்டு செத்தாருன்னுதான சொன்னாங்க. எம்பாஸ்னு சொன்னாருன்னு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது.” அவள் முகம் வெளுத்தது. “அப்ப ஓனர சொல்லலியா?”

“சைமன்ராஜ் ஓனரை என்னன்னு கூப்பிடுவாரு?”

“மாமான்னு. சொந்தம்லாம் கெடையாதுங்க, இவரு சர்ச்சு, அவரு முருகர் பக்தி. ஆனா மாமா மச்சான்தான். பாஸுன்னா ஓனரே சிரிச்சிருவாரு.”

நான் திலகவதியின் காதருகே குனிந்தேன். “எம்பாஸுக்குத் தமிழ்ல என்ன பாஸ்?”

“புடைப்பு.”

“அடிச்சுப் புடைக்கிறதா?”

“அதுவும்தான். அடிபட்ட எடம் வீங்கினா புடைப்பு. தகட்டைத் தட்டி மேடாக்கினா புடைப்பு. முறத்துல நெல்லைத் தட்டினா புடைக்கிறது.”

“ஒரே வார்த்தையை வெச்சு எல்லா ஷிஃப்டும் ஓட்டிட்டீங்க.”

நெல் என்றதும் நித்யா நிமிர்ந்தாள். “நெல்லுக்குத்தாங்க அன்னிக்கி சண்டை.”

“எந்தச் சண்டை?”

“கொலைக்கி மொதநாள். அக்கம்பக்கத்துக் கடையெல்லாம் கேட்டுச்சு, அதான் போலீசு ஓனர் மேல சந்தேகப்பட்டுது. ஒரு ஷீல்டு திரும்பி வந்துச்சுங்க, ஓரத்துல என்னமோ சொட்டை இருக்குதுன்னு. ஓனரு அதக் கையில வெச்சிக்கினு கத்துனாரு, ‘உன் நெல்ல உன் வூட்ல போயி நடுடா’ன்னு. அண்ணன் சிரிச்சிக்கினே உள்ள போயிட்டாரு.”

“நெல்லுன்னா? நிலம் கிலம் ஏதாவது...”

“தெரிலீங்க. அவங்க வூட்டுக்காரம்மாவக் கேளுங்க.”

கிளம்பும்போது திலகவதி கேட்டார், “அன்னிக்கு யாரு முதல்ல பாத்தது?”

“சங்கரலிங்கம் சாருங்க. அந்த ஷீல்டு வாங்க வந்தாரு.” அலமாரியைக் காட்டினாள். “நான் சாப்ட்டு வந்து வாசல்ல காலு வெக்கிறேன், உள்ளருந்து ஓடியாறாரு, கையெல்லாம் ரத்தம். சைமன் கீழ கெடக்கான், தூக்குங்கன்னு கத்துறாரு. அவரு கார்லதான் ஆஸ்பத்திரிக்கி எடுத்துக்கினு போனாங்க. கோயில் கமிட்டித் தலைவருங்க. அவரு இல்லன்னா யாரு அண்ணனத் தொட்டிருப்பாங்க?”

வடக்குத்து கிராமத்தில் சைமன்ராஜின் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை கார் நின்றது. பக்கத்தில் சங்கரலிங்கமே நின்றார். நெற்றியில் பட்டையாக விபூதி, வெள்ளைச் சட்டை. ஒரு அரிசி மூட்டையை டிரைவரை விட்டு இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தெற்கத்திப் பேச்சு, டவுன்ஷிப்பில் இத்தனை வருடம் ஆகியும் மாறவில்லை.

“நீங்கதான் அந்தத் துப்பறியும் அம்மாவா? வீரம்மா சொல்லிச்சு. பாவம். ஆனா செத்தவன் சொன்ன வார்த்தையை யாரு மாத்த முடியும், சொல்லுங்க.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “சாயங்காலம் நம்ம அம்மன் கோயிலுக்கு வாங்க. கொடைத் திருவிழா நடக்கு. இன்ஸ்பெக்டரும் வாராரு.”

பிறகு வாசற்படியில் நின்ற பெண்ணிடம் திரும்பினார். “தாயி, சீல் வைக்கதுக்கு முன்ன கடையில இருந்து குடுத்த அவன் சாமான் மூட்டையை நாளைக்கு ஆள் விட்டு எடுத்துக்கிடுதேன். வீட்ல கெடந்தா உனக்கு அவன் நெனப்புத்தான் வரும்.”

கார் போனதும் அந்தப் பெண், சைமன்ராஜின் மனைவி சவரியம்மாள், எங்களைப் பார்த்த பார்வையில் அந்த வெயிலே குளிர்ந்தது.

“ஜெயில்ல இருக்கிற அந்தாளு பொண்டாட்டி அனுப்பிச்சாளா?”

“ஆமாங்க,” என்றார் திலகவதி.

“போயி சொல்லுங்க. மாமா மாமான்னு உயிர வுட்டாரு அந்தாளு மேல. எங்க கல்யாணத்துக்குத் தாலி வாங்கினதே அந்தாளுதான். அந்தக் கையே மண்டையப் பொளந்துச்சின்னா நாங்க யார நம்பறது?”

நான் சுவரைப் பார்த்தேன். தகரத்தில் தட்டிய மாதா படம் ஒன்று மாட்டியிருந்தது. எதுவும் யோசிக்காமல் சிலுவை போட்டுக்கொண்டு அதன் பாதத்தைத் தொட்டேன். வீட்டில் பழகிய பழக்கம். விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

“இது என்னக்கா? மாதா கால்கிட்ட ஒரு நெல்லு இருக்கு.”

சவரியம்மாளின் குரல் இறங்கியது. “அது அவரு கையெழுத்து. எதத் தட்டினாலும் ஓரமா ஒரு நெல்லு வெப்பாரு. எங்கம்மா முறத்துல பொடச்சா, நான் அரக்குல பொடைக்கிறேன், ஒரு நெல்லாச்சும் தங்க வேணாமாம்பாரு. அதுக்குன்னே தனியா ஒரு உளி.”

நான் திலகவதியைப் பார்த்தேன். சொட்டை. நெல். சண்டைக்குக் காரணம் விரல் நுனியில் இருந்தது.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் சாகறப்ப என்ன சொன்னாருன்னு உங்களுக்குச் சொன்னாங்க?”

“மொதலாளின்னு.”

“அவர் சொன்னது எம்பாஸ். நெஞ்சைத் தடவிக் காட்டிக்கிட்டே.”

சவரியம்மாள் அந்த வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அது அவரு வேல,” என்றாள். “மொதலாளியில்ல அது.”

“நெஞ்சு மாதிரி ஏதாவது செஞ்சாரா? சமீபத்துல?”

“எனக்கின்னா தெரியும்... கடையில செய்றதெல்லாம் சொல்ல மாட்டாரு.” சட்டென்று நிறுத்தினாள். “மொதநாள் சாயந்தரம் சிரிச்சிக்கினே வந்தாரு. கோயில் பக்கமா வந்தாராம், திருவிழாவுக்குன்னு அம்மனுக்கு அலங்காரம் பண்ணி வெச்சிருந்தாங்களாம். ‘அம்மனுக்கு சட்டைய மாத்திப் போட்டுட்டாங்க சவரி, நாளைக்கிப் போயி சொல்லணும்’னாரு.”

“யார்கிட்ட?”

“கேக்கலியே. நான் கொழம்பு தாளிச்சிக்கினு இருந்தேன்.”

திலகவதி எழுந்தார். “அந்தச் சாமான் மூட்டையை யாருக்கும் குடுக்காதீங்க. அந்த நெல்லு உளியை மட்டும் எங்ககிட்ட குடுங்க. திருப்பிக் கொண்டாந்து தர்றேன்.”

சவரியம்மாள் மூட்டையை அவிழ்த்து, விரல் நீளம் கூட இல்லாத ஒரு இரும்பு உளியை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். முனையில் ஒரு நெல், மூக்கு வரை அச்சாக.

கோயில் சின்னது. குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தெற்கத்திக் குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. பொழுது இறங்கவில்லை, அதற்குள் சீரியல் பல்பு, மைக் செட், பொங்கல் வாசனை. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் குழந்தைவேல் தலையில் பரிவட்டத்துடன் நின்றார். இந்தக் கேஸில் சிங்காரவேலைக் கைது செய்தவர் அவர்தான். பக்கத்தில் சங்கரலிங்கம், கூப்பிய கையுடன்.

“பாஸ், நான் இங்க நிக்கலாமா?”

“அம்மன் உன் சர்டிஃபிகேட்டைக் கேக்க மாட்டா. நில்லு. கவசத்தை மட்டும் பாரு.”

அம்மனுக்குத் தோள் முதல் முழங்கால் வரை வெள்ளிக் கவசம். தாமரை, கிளி, கொடி எல்லாம் எழும்பி நின்றன. டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே பளபளப்பாக இருந்ததில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மணி அடித்தது. யாரோ டியூப் லைட்டை அணைத்தார்கள். பூசாரி கற்பூரத் தட்டைப் பக்கவாட்டில் உயர்த்தினார்.

சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழுந்தது. இதழுக்கு நிழல், கிளி மூக்குக்கு நிழல். இடப்பக்க மார்பின் ஓரத்தில், கொடியோடு சேராமல், தனியாக ஒரு துளி நிழல்.

நெல்.

என் கை தானாக என் நெஞ்சுக்குப் போனது. கண்ணகி காட்டிய அதே இடம்.

“மாத்திப் போட்ட சட்டை,” என்றார் திலகவதி. என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனார். நானும் போனேன். கண்ணகி எடுத்தாள்.

“கண்ணகி, பாஸ்னா முதலாளின்னு கூட இருந்தவங்க சொன்னாங்கன்னியே. எத்தனை பேரு கூட இருந்தாங்க?”

“ஒருத்தருதாங்க மேடம்.”

“இருந்தவங்க, சொன்னாங்கன்னு சொன்ன?”

“பெரியவராச்சேங்க. நெத்தி நெறைய விபூதி, சட்டையெல்லாம் ரத்தம், அழுதுக்கினு நிக்கிறாரு. அவரப் போயி ‘இருந்தவன் சொன்னான்’னா மேடம் சொல்லுவாங்க?”

திலகவதி போனை அணைத்தார். மைக்கில் யாரோ இன்ஸ்பெக்டருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு மரியாதையை நான் கூட்டம்னு எண்ணிட்டேன்டா,” என்றார். “வார்த்தையைச் சொன்னது யாருன்னு எல்லாரும் கேட்டோம். அர்த்தம் சொன்னது யாருன்னு எவனும் கேக்கல.”

கூட்டம் பிரசாதத்துக்கு நகர்ந்ததும் அவர் நேரே சங்கரலிங்கத்திடம் போனார். குழந்தைவேல் பக்கத்திலேயே இருந்தார், வாயில் சுண்டலுடன்.

“கவசம் நல்லா இருக்கு சார். எந்த வருஷம் சாத்தினது?”

“அது எங்கப்பா காலத்துல. எண்பத்தாறு. அசல் வெள்ளி.”

“எண்பத்தாறுல சைமன்ராஜுக்குப் பத்துப் பன்னெண்டு வயசு இருக்கும். அப்பவே அவர் கையெழுத்து போட்டாரா இதுல?”

சங்கரலிங்கம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. திலகவதி உள்ளங்கையை விரித்தார். அதில் உளி.

“இன்ஸ்பெக்டர் சார், பூசாரியை அந்தக் கவசத்தோட மார்புத் தகட்டைக் கழட்டித் தரச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் போதும்.”

“ஏம்மா, விசேஷத்துல வந்து...” என்று ஆரம்பித்த குழந்தைவேல், சங்கரலிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுண்டலைக் கீழே வைத்தார்.

திரையைப் போட்டுவிட்டுப் பூசாரி தகட்டைக் கொண்டு வந்தார். திருப்பினோம். முன்னால் மேடாக இருந்த எல்லாம் பின்னால் பள்ளம். ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம். உளியை வைத்தார் திலகவதி. பூட்டில் சாவி உட்காருவது போல உட்கார்ந்தது.

“ஒயிட் மெட்டல், வெள்ளியில்ல,” என்றார் பூசாரி தகட்டைக் கையில் எடை பார்த்துவிட்டு. “இது நம்ம கவசம் இல்லீங்க. இந்தத் தடவை தலைவரே சாத்திட்டாரு, நான் கையில எடுக்கல.”

“தினமும் சாத்த ஒண்ணு செய்யச் சொன்னேன்,” என்றார் சங்கரலிங்கம். “மாறிப் போயிருக்கும்.”

“சரி. வெள்ளி எங்க இருக்கு?”

மைக் செட்டில் பாட்டு மாறியது.

“எம்பாஸ்னா என்னன்னு அந்த ரூம்ல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க,” என்றார் திலகவதி. “உங்க ஷீல்டே எம்பாஸ்லதான் ரெடியா இருக்கு. மண்டையில விழுந்த அடியில சைமன்ராஜுக்கு உங்க பேரு நாக்குல வரல. எதுக்கு அடிச்சாங்கன்னு மட்டும் வந்திருக்கு. அதைத்தான் நெஞ்சுல வெச்சுக் காட்டினாரு. நீங்க பக்கத்துல நின்னு அதுக்கு வேற அர்த்தம் சொல்லிட்டீங்க. ஒரு உசுரு போன எடத்துலயே இன்னொரு ஆளையும் முடிச்சிட்டீங்க.”

நான் ஒரு ஜோக்குக்கு வாயைத் திறந்தேன். மூன்றாவது வேலை ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

சங்கரலிங்கம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “பையன் தொழில்ல பணத்த விட்டுட்டான். வெள்ளிய உருக்கியாச்சு,” என்றார். பிறகு அவரே தொடர்ந்தார், யாரிடமோ சொல்வது போல. “அவன் மெரட்டல. மாத்திச் சாத்திட்டீங்க சார், திருவிழாவுக்கு வெள்ளியல்லா எடுக்கணும்னு சொன்னான். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னான். சொல்லிட்டு அரக்கு ஆறிரும்னு அந்தப் பக்கம் திரும்பிட்டான். சுத்தியல் அங்கதான் கெடந்துது.”

குழந்தைவேல் தலையிலிருந்த பரிவட்டத்தை அவிழ்த்தார்.

மறுநாள் காலையில் கடலூர் ஜெயிலில் மனு போட்டுப் பார்த்தோம். வீரம்மாள், திலகவதி, நான். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்த சிங்காரவேலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. போட்டோவில் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தார்.

திலகவதி சொன்னார். நிதானமாக, நர்ஸ் கேட்டதிலிருந்து கோயில் வரை.

“சைமன் என்னச் சொல்லலியா?” என்று கடைசியில் சிங்காரவேல் கேட்டார்.

“இல்லீங்க. எம்பாஸ்னு சொன்னாரு. அவர் வெச்ச நெல்லைக் காட்டினாரு.”

நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இன்னும் இருண்டது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த நெல்லத்தாங்க நான் போயி நடுடான்னேன்,” என்றார். “அவங்கிட்ட நான் பேசினதுல அதாங்க கடைசி.”

வீரம்மாள் கம்பிக்குள் கையை விட்டு அவர் விரலைத் தொட்டார். பிறகு சிங்காரவேல் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வக்கீல் பேப்பரில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டார்: சவரியம்மாளுக்குச் சொல்லியாச்சா?

“இங்கருந்து நேரா அங்கதான் போறோம்,” என்றார் திலகவதி. “உளியைத் திருப்பிக் குடுக்கணும்.”

வடக்குத்துக்குப் போகும் வழியெல்லாம் என் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நான் தினமும் நூறு தடவை பாஸ் என்று சொல்கிறவன். அந்தக் கட்டில் பக்கத்தில் நான் நின்றிருந்தால் எனக்கும் முதலாளி என்றுதான் கேட்டிருக்கும், சிங்காரவேலை நானே பிடித்துக் கொடுத்திருப்பேன். நீங்கள் அங்கே நின்றிருந்தால்? ரத்தச் சட்டையோடு ஒரு பெரிய மனுஷர் பக்கத்தில் நின்று அர்த்தம் சொல்லும்போது, உங்கள் காதில் எது விழுந்திருக்கும், சொல்லுங்களேன்?